ரசீதில் யார் பெயர்?

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய வேட்டித் துணியில் சுற்றி, வாடகை ரசீதுகள் ஒரு கட்டு இருக்கின்றன. மும்பையில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்குப் ‘பாவ்தி’ என்றால்தான் புரியும். 1958-ஆம் ஆண்டு முதல் 1986 வரை உள்ள பாவ்திகளில் அப்பாவின் பெயர் மட்டுமே இருக்கிறது. 1987 முதல் மூன்று பெயர்கள்: அண்ணன், நான், தம்பி. 2003-க்குப் பிறகு நான்காவதாக ஒரு பெயர் சேர்ந்தது. அந்த நான்காவது பெயர் முதலிலேயே இருந்திருக்க வேண்டியது. அது ஏன் இல்லாமற் போயிற்று, அதனால் என்ன வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் வழக்கறிஞன் அல்லன். வங்கியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் சொந்த வீட்டு விவகாரத்துக்காகப் பல ஆண்டுகள் காரியாலயப் படிகளை ஏறி இறங்கியதில் சில சட்ட விஷயங்கள் தலையில் ஏறிவிட்டன. நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் இப்போதெல்லாம் இந்தப் பேச்சுத்தான் அதிகம். 2025 ஆகஸ்டில் வொர்லி பி.டி.டி. சால்களில் குடியிருந்த 556 குடும்பங்களுக்குப் புதிய வீட்டுச் சாவி கொடுத்தார்கள் அல்லவா? 160 சதுர அடி அறையில் மூன்று தலைமுறையாக வாடகைக்கு இருந்தவர்களுக்கு 500 சதுர அடியில் சொந்த வீடு! அதைப் பார்த்த பிறகு, வாடகைக் குடியிருப்புகளில் இருக்கும் நம்மவர்கள் எல்லோரும் பெட்டியைத் திறந்து பாவ்தியைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். தேடியவர்களில் பாதிப்பேருக்கு அதில் இருப்பது இறந்துபோன தாத்தாவின் பெயர். மீதிப்பேருக்கு இரண்டு மூன்று பெயர்கள். அவர்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லை.

எங்கள் கதையைச் சொல்கிறேன். அப்பா அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து 1951-இல் பம்பாய்க்கு வந்தவர். நூற்பாலை வேலை. தொழிலாளர்களுக்குக் குறைந்த வாடகையில் வீடு கட்டித் தருவதற்காக மத்திய அரசு 1952-இல் ஒரு மானியத் திட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 1949-இல், பம்பாய் வீட்டு வசதி வாரியம் ஏற்பட்டிருந்தது. இப்படிக் கட்டிய குடியிருப்பு ஒன்றில் அப்பாவுக்கு 1958-இல் ஓர் அறையும் சமையலறையும் கிடைத்தன. மாதம் 28 ரூபாய் வாடகை. சாலில் எட்டுப் பேராக ஒரே கோலியில் படுத்திருந்த மனிதருக்கு அது அரண்மனை. ஊருக்குக் கடிதம் எழுதி அம்மாவையும், அக்காவையும், அண்ணனையும் வரவழைத்துக்கொண்டார். தம்பி அந்த வீட்டில்தான் பிறந்தான்.

அக்கா எல்லோருக்கும் மூத்தவள். ஊரிலேயே கட்டிக்கொடுத்தோம். 1979-இல் அத்தான் போய்விட்டார். மகளைத் தூக்கிக்கொண்டு அக்கா எங்களிடமே திரும்பி வந்தாள். அப்பா 1986-இல் காலமானார். மறு வருடம் பாவ்தியை எங்கள் பெயருக்கு மாற்றப் போனோம். ‘வாரிசுகள் யார் யார்?’ என்று கேட்டதற்கு அண்ணன் கொஞ்சமும் யோசிக்காமல், ‘நாங்கள் மூன்று பேர்’ என்றார். அம்மா பெயரும் இல்லை. அக்கா பெயரும் இல்லை. நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் தோன்றவில்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. பொம்பளைகள் நம் வீட்டில்தானே இருக்கப் போகிறார்கள், காகிதம் எதற்கு என்ற நினைப்பு. நம்மில் அநேகர் வீட்டில் இதே நினைப்பில்தான் இதே தவறு நடந்திருக்கிறது.

அடுத்த சில ஆண்டுகளில் நான் வங்கிக் குடியிருப்புக்குப் போனேன். அண்ணன் டோம்பிவிலியில் வீடு வாங்கினார். அம்மாவும் அக்காவும் அக்கா மகளும் தம்பியும் பழைய வீட்டில். வாடகை கட்டுவது தம்பியின் பொறுப்பு என்று வாய்ப்பேச்சாக முடிவாயிற்று. அம்மா 1996-இல் போனாள். அதன் பிறகு தம்பிக்கு வேலை போயிற்று, கடன் சேர்ந்தது. அக்கா மெழுகுவத்திக் கம்பெனியில் சம்பாதித்த காசை வாடகைக்கென்று அவன் கையில் கொடுத்துவந்தாள். அவன் கட்டவில்லை. பத்தொன்பது மாதப் பாக்கி.

2000-இல் காரியாலயத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. அதில் மூன்று பெயரும் இருந்தன; கையெழுத்துப் போட்டு வாங்கியவன் தம்பி. வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டான். அண்ணனுக்கும் எனக்கும் விஷயம் தெரியும்போது கெடு முடிந்து, வெளியேற்றும் நடவடிக்கை தொடங்கியிருந்தது. ‘எங்களுக்கு நோட்டீஸே வரவில்லையே, எங்களைக் கேட்காமல் எப்படிச் செய்யலாம்?’ என்று நான் அதிகாரியிடம் சத்தம் போட்டேன். அவர் மராத்திக்காரர், பொறுமைசாலி. ‘நீங்கள் மூன்று பேரும் மூன்று வாடகைதாரர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் கணக்கில் நீங்கள் ஒரே வாடகைதாரர்’ என்றார்.

கூட்டு வாடகை என்பதன் சாரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அன்று எனக்கு அது விளங்கவில்லை, கோபம்தான் வந்தது.

பிறகு ஒரு வழக்கறிஞரிடம் போனேன். அவர் பம்பாய்த் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் பழைய வழக்கு ஒன்றைச் சொன்னார். கான்ஜி மான்ஜி என்பவரின் வழக்கு, உச்ச நீதிமன்றம் 1962-இல் தீர்ப்பளித்தது. துறைமுகத்துக்குச் சொந்தமான இடத்தை இரண்டு பேர் கூட்டாக வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஒருவர் இறந்துபோனார். மற்றவருக்கு மட்டும் நோட்டீஸ் போய்ச் சேர்ந்தது போதுமா என்பது கேள்வி. கூட்டு வாடகை என்று ஆகிவிட்டால் ஒருவருக்குக் கொடுத்த நோட்டீஸ் போதும், அவர் மேல் போட்ட வழக்கும் செல்லும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1989-இல் பாண்டே என்பவரின் வழக்கிலும் இதே கருத்து வந்தது: தகப்பனின் வாடகை உரிமை பிள்ளைகளுக்கு வரும்போது அது துண்டு துண்டாக வருவதில்லை, ஒரே உரிமையாக வருகிறது, வீடும் பங்காகாது, வாடகையும் பங்காகாது, ஒருவருக்குத் தந்த நோட்டீஸ் எல்லோருக்கும் தந்ததாகும்.

ஆகவே தலையணைக்கு அடியில் கிடந்த அந்தக் காகிதம் என் கைக்கே வந்ததாகத்தான் சட்டக் கணக்கு. கூட்டுப் பெயரில் பாவ்தி வைத்திருக்கும் குடும்பங்கள் முதலில் மனத்தில் வாங்க வேண்டியது இதுதான். வீட்டில் குடியிருப்பவர் தபாலை வாங்கியதும் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். குடியிருக்காதவர்கள், தங்கள் இப்போதைய விலாசத்தை எழுத்தில் காரியாலயத்துக்குக் கொடுத்து, கொடுத்ததற்கு முத்திரை வாங்கி வைக்க வேண்டும். சட்டப்படி அவர்களுக்குத் தனி நோட்டீஸ் அனுப்பியே தீர வேண்டும் என்றில்லை. ஆனாலும் விலாசம் இருந்தால் நடைமுறையில் அனுப்புகிறார்கள். எங்களுக்கு இரண்டாவது நோட்டீஸ் அப்படித்தான் கிடைத்தது.

அடுத்தது பாக்கிப் பணம். அண்ணன் சொன்னார்: ‘மூணுல ஒரு பங்கை நான் தாரேன், அதுக்கு மேல ஒரு பைசா தரமாட்டேன். நான் அந்த வீட்டுல ஒரு நாள் கூட இல்லையே.’ நியாயமான பேச்சுப் போலத் தோன்றும். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு, பலர் கூட்டாகச் சேர்ந்து ஒன்றைச் செய்வதாக ஒப்புக்கொண்டால், அவர்களில் யாரிடமிருந்தும் முழுவதையும் கேட்டு வாங்கலாம் என்கிறது. சொந்தக்காரர் அண்ணனிடம் ஒரு பங்கு, என்னிடம் ஒரு பங்கு என்று அலைய வேண்டியதில்லை. யாரிடம் சம்பளம் இருக்கிறதோ அவரைப் பிடித்தால் போதும். வங்கிச் சம்பளக்காரன் நான்தான். முழுப் பாக்கியையும் நான் கட்டினேன்.

அதே பிரிவின் இன்னொரு பகுதியை நம்மவர்கள் கவனிப்பதில்லை. முழுவதையும் கட்டியவர் மற்றவர்களிடமிருந்து அவரவர் பங்கைச் சம அளவில் கேட்டுப் பெறலாம். தங்களுக்குள் வேறு ஏற்பாடு இருந்தால் அதன்படி பெறலாம். கூட்டாளிகளில் ஒருவரால் கொடுக்க முடியாமற் போனால், அந்தப் பங்கையும் மற்றவர்கள் சமமாகச் சுமக்க வேண்டும். எங்களுக்குள் ‘தம்பிதான் கட்ட வேண்டும்’ என்ற ஏற்பாடு வாய்ப்பேச்சாக இருந்ததே தவிர, எழுத்தில் ஒரு வரி இல்லை. அண்ணன் கடைசியில் தன் பங்கைக் கொடுத்தார், முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டு. இரண்டு வருடம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வரவில்லை. ஐந்து ரூபாய்க் காகிதத்தில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தால் அந்த இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும்.

பாக்கி தீர்ந்ததும் அடுத்த பிரச்சினை. தம்பிக்குக் கடன்காரர்கள் நெருக்கடி. ஓர் எஸ்டேட் ஏஜெண்ட் அவனைப் பிடித்துக்கொண்டு, வீட்டை ஒப்படைத்ததாக எழுதிக் கொடுத்தால், வேறு ஆளை ஏற்றி, கையில் நல்ல தொகை தருகிறேன் என்றிருக்கிறான். அக்கா ஒரு நாள் காலையில் வங்கி வாசலில் வந்து நின்றாள்.

‘ஏல தம்பி, இந்தப் பய வீட்ட எழுதிக் குடுக்கப் போறானாம்லா. நானும் பிள்ளையும் எங்க போவோம்?’

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அதே வழக்கறிஞரிடம் ஓடினேன். அவர் சிரித்தார். ‘ஒருத்தர் மட்டும் எழுதிக் கொடுத்தால் மற்ற இருவரின் உரிமை போய்விடாது. கூட்டு வாடகையை ஒப்படைக்க வேண்டுமானால் எல்லோரும் சேர்ந்துதான் ஒப்படைக்க வேண்டும். நீங்களும் உங்கள் அண்ணனும் எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுங்கள்’ என்றார். முழு வாடகைக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு என்ற அதே விதியின் மறுபக்கம் இது. முழு வீட்டின்மேலும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. முன் அறை உனக்கு, சமையலறை எனக்கு என்று கோடு போட முடியாது. ஒருவர் பூட்டுப் போட்டு இன்னொருவரை வெளியே நிறுத்த முடியாது. ஆனால் ஒருவர் திருட்டுத்தனமாக உள்வாடகைக்கு ஆள் வைத்தால் அந்தப் பழி எல்லோர் தலையிலும் விழும், ஏனென்றால் சொந்தக்காரரின் பார்வையில் வாடகைதாரர் ஒருவரே. அண்ணனும் நானும் கொடுத்த ஆட்சேபணைக் கடிதம் ஏஜெண்டின் வேலையைக் கெடுத்தது. பணத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த அண்ணன் அன்று மட்டும் மறு பேச்சின்றிக் கையெழுத்துப் போட்டார்.

வீடு தப்பியது. ஆனால் வழக்கறிஞர் பேச்சோடு பேச்சாகக் கேட்ட கேள்வி எனக்குச் சுருக்கென்றது. ‘உங்கள் மூன்று பேரில் இருவர் அங்கே குடியில்லை. ஒருவர் எழுதிக் கொடுக்கப் பார்க்கிறார். உண்மையிலேயே இருபது வருடமாக அங்கே குடியிருப்பவர் பெயர் ஏன் ரசீதில் இல்லை?’

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானித்து, எந்த வீட்டுக்கு எந்தச் சட்டம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கூட்டத்தில் கேள்வி கேட்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கேட்கிறார்கள்.

மாட்டுங்கா, தாதர், கிர்காவ் பக்கம் பழைய தனியார் கட்டடங்களில் பகடி கொடுத்து வாடகைக்கு இருப்பவர்களுக்கு 1999-ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தும். அது 2000 மார்ச் 31 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் 1947-ஆம் ஆண்டின் பம்பாய்ச் சட்டம் இருந்தது. அரசுக்கோ மாநகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புக்கோ சொந்தமான கட்டடங்களை இந்தச் சட்டம் தொடுவதில்லை. வீட்டு வசதி வாரியத்தின் வாரிசாக வந்த மகாடாவுக்கு 1976-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. வாடகை பாக்கி, உள்வாடகை போன்ற காரணங்களுக்காக வெளியேற்றும் அதிகாரம் அங்கே நியமிக்கப்பட்ட அதிகாரிக்கே இருக்கிறது. ஆண்டாப்ஹில் போன்ற இடங்களில் மத்திய அரசு குவார்ட்டர்ஸில் இருக்கும் அன்பர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: உங்களுடையது வாடகை உரிமையே அன்று. வேலைக்காகக் கிடைத்த ஒதுக்கீடு, வேலையோடு போய்விடும். பிள்ளைகளுக்கு வாரிசு உரிமை பேச அதில் இடமில்லை. 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியேற்றுவார்கள். ஓய்வு பெறும் வருடம் வரை அங்கேயே இருந்துவிட்டு, ‘முப்பது வருடம் குடியிருந்தோமே’ என்று கேட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இருவர்.

தனியார் கட்டடத்துச் சட்டத்தில், வாடகைதாரர் இறந்தால் அடுத்த வாடகைதாரர் யார் என்பது 7-ஆவது பிரிவில் 15-ஆவது உட்பிரிவில் இருக்கிறது. குடியிருப்பு வீடு என்றால், இறக்கும்போது அவரோடு கூடக் குடியிருந்த குடும்பத்தார் ஒருவர். அப்படி யாரும் இல்லாவிட்டால் வாரிசு ஒருவர். யார் என்பதில் குடும்பத்துக்குள் உடன்பாடு இல்லாவிட்டால் நீதிமன்றம் முடிவு செய்யும். ‘கூடக் குடியிருந்த’ என்ற சொற்களை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ரத்த உறவு மட்டும் போதாது. கோயம்புத்தூரில் சொந்த வீட்டில் இருக்கும் மூத்த மகனைவிட, மாமனாருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துக்கொண்டு அதே அறையில் இருந்த விதவை மருமகளுக்கு இங்கே முதலிடம் கிடைக்கலாம்.

மாட்டுங்காவில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் ஏறக்குறைய இதுவே நடந்தது. பெரியவர் உயில் எழுதி, பகடி வீட்டை ஊரிலிருக்கும் மகளுக்கு என்று பதிவும் செய்து வைத்துவிட்டுப் போனார். உயிலை எடுத்துக்கொண்டு மகள் வந்தாள். வாடகை வீட்டை உயிலால் கொடுக்க முடியாது என்பது அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. 1994-இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை, பழைய பம்பாய்ச் சட்டத்தின் கீழ், தெளிவாக்கியிருக்கிறது: யார் அடுத்த வாடகைதாரர் என்பதைச் சட்டமே சொல்லியிருக்கும்போது, இறந்தவர் தம் விருப்பப்படி வெளியாளுக்கு அதை எழுதி வைக்க வழியில்லை. பெரியவர் தம் நகையை, ரொக்கத்தை, ஊர் நிலத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். வாடகை உரிமை அந்தக் கணக்கில் வராது. நாத்தனாரும் மைனியும் தோபி தலாவ் சிறு வழக்கு நீதிமன்றத்துக்கு அலையாமல் தங்களுக்குள்ளேயே தீர்த்துக்கொண்டார்கள் என்பது அவர்களுடைய பெருந்தன்மை.

அரசு, மாநகராட்சி, வாரியக் குடியிருப்புகளில் பெயர் மாற்றம் அந்தந்த அமைப்பின் விதிப்படிதான். இறப்புச் சான்று, வாரிசுகள் எல்லோரின் பட்டியல், விட்டுக்கொடுப்பவர்களின் சம்மதப் பத்திரம், குடியிருந்ததற்கு அத்தாட்சியாக ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், மின்கட்டண ரசீது இவையெல்லாம் கேட்பார்கள். பட்டியலில் மகள்களை விடாதீர்கள். விட்டுவிட்டு எழுதினால் அது பொய்ப் பிரமாணம் ஆகும். பின்னால் ஒரு பேத்தி வந்து கேட்டால் முழு மாற்றமும் ஆட்டம் காணும். 1987-இல் அண்ணன் ‘மூன்று பேர்’ என்று சொன்னதும், நான் பேசாமல் நின்றதும் அந்த ரகம்தான் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

கணவன் மனைவி விஷயம் இன்னும் நுட்பமானது. பாவ்தி கணவன் பெயரில் மட்டும் இருக்கிறது, குடித்துவிட்டு அடிக்கிறான், ‘என் பெயரில் உள்ள வீடு, வெளியே போ’ என்கிறான். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் ‘பகிர்ந்து வாழும் இல்லம்’ என்பதற்குள் வாடகை வீடும் அடங்கும். இருவர் பெயரில் இருந்தாலும், ஒருவர் பெயரில் மட்டும் இருந்தாலும் அடங்கும். அவளை வெளியேற்றக் கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். நீதிமன்ற அனுமதி இல்லாமல் அவன் அந்த வீட்டின்மேலுள்ள உரிமையைக் கைவிடக் கூடாது என்று தடுக்கலாம். வாடகையை அவனே கட்ட வேண்டும் என்றும் சொல்லலாம். இது 19-ஆவது பிரிவு. அதே 2005-இல் பெங்களூர் வழக்கு ஒன்றில், கணவன் விட்டுவிட்டுப் போன பிறகும் வாடகை வீட்டில் இருந்துவரும் மனைவி, வீட்டுக்காரர் போட்ட வெளியேற்ற வழக்கில் தானே நின்று வாதாடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவள் வாடகையை ஒழுங்காகக் கட்டிவர வேண்டும். கணவனுக்கு இருந்த வாதங்களைவிடப் பெரிய வாதம் அவளுக்குக் கிடையாது. விவாகரத்து ஆகிவிட்டால் நிலைமை வேறு. ஆகவே விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் வீட்டைப் பற்றி ஒரு வரி எழுதி வாங்குவது முக்கியம். நம் சங்கப் பெண்கள் பிரிவில் இதைப் படித்துச் சொன்னால் நல்லது.

குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் கிடைக்கும் வீடுகளில் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. அங்கே வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகத்தான் பதிவாக வேண்டும். சொசைட்டியின் பங்குப் பத்திரத்திலும் இருவர் பெயரும் இருக்க வேண்டும் என்பது விதியிலேயே எழுதியிருக்கிறது. எழுதாமல் விட்டாலும் எழுதியதாகவே கருத வேண்டுமாம். இதைக் கொண்டுவந்த மகானுபாவர் யாரோ, நன்றாக இருக்க வேண்டும். ஆனால் அது உரிமை வீடு. தாராவி மறுகட்டுமானத்தில் மாடிப் பகுதியில் இருந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே முதலில் வாடகை வீடு, பிறகு விலை கட்டி வாங்கும் வசதி என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக அங்கே இருக்கும் நம் மக்கள், கணக்கெடுப்புப் படிவத்திலும் ஒதுக்கீட்டுக் கடிதத்திலும் மனைவி பெயரையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். வாங்கும் தவணை யார் பெயரில் கட்டப்படுகிறது என்பதையும் பாருங்கள். கூட்டுப் பெயர் என்றால் கூட்டுக் கடன் என்பதையும் மறக்க வேண்டாம்.

அக்காவின் பெயரை ஏற்றும் வேலையை 2001-இல் ஆரம்பித்தேன். ‘மணமான மகள் எப்படி வாரிசு?’ என்று ஒரு குமாஸ்தா. ‘மூன்று பேர் என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே’ என்று இன்னொருவர். அதற்கு என்னிடம் பதில் இல்லை. 1981-ஆம் ஆண்டு ரேஷன் கார்டில் அக்கா பெயரும் அவள் மகள் பெயரும் இருந்தன, அதுதான் கைகொடுத்தது. அக்கா மகளின் பள்ளிக்கூடச் சான்றிதழில் அந்த வீட்டு விலாசம் இருந்தது; அதையும் சேர்த்தேன். அண்ணனிடமிருந்தும் தம்பியிடமிருந்தும் சம்மதப் பத்திரம் வேண்டும் என்றார்கள். அண்ணன் டோம்பிவிலியிலிருந்து ரயிலில் வந்து, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு, பல வருடத்துக்குப் பிறகு அக்கா கையால் காப்பி குடித்துவிட்டுப் போனார். தம்பிதான் இழுத்தடித்தான். அவனுக்கு நான் கட்டிய பாக்கியில் அவன் பங்கைக் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்த பிறகே கையெழுத்துக் கிடைத்தது. 43-ஆவது பிரிவு எனக்குக் கொடுத்த உரிமையை அப்படிச் செலவழித்தேன். நஷ்டம் என்று நினைக்கவில்லை.

2003 ஜூலை மாதப் பாவ்தியில் நான்கு பெயர். அக்காவிடம் கொடுத்தபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கு மராத்தி எழுத்து வாசிக்கத் தெரியாது. ‘இதுல எது எம்பேரு?’ என்றாள். காட்டினேன்.

அதற்குப் பிறகு வாடகையை மாதாமாதம் வங்கி வழியாகத்தான் அனுப்பினோம். ரசீதை நான்கு நகல் எடுத்து நான்கு வீட்டிலும் வைத்தோம். ரசீது தருவது சொந்தக்காரரின் கடமை என்று தனியார் கட்டடங்களுக்கான சட்டத்திலேயே இருக்கிறது. தரவில்லை என்றால் வாங்காமல் விடக் கூடாது. பகடி வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் மகிழ்ந்துபோகாதீர்கள். பாக்கி சேரட்டும் என்று காத்திருப்பார். பாக்கிக்காக வழக்குப் போட எழுத்து நோட்டீஸ் கொடுத்துத் தொண்ணூறு நாள் ஆக வேண்டும். வழக்குப் போட்டபின்னும், சம்மன் வந்த தொண்ணூறு நாளுக்குள் முழுப் பாக்கியையும் 15 சதவீத வட்டியோடும் செலவோடும் நீதிமன்றத்தில் கட்டினால் வீடு தப்பும். கூட்டு வாடகைதாரர்களில் யார் ஒருவர் கட்டினாலும் வீடு எல்லோருக்குமாகத் தப்பும் என்பதால், கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் கட்டிவிடுங்கள். சண்டையைப் பிறகு போடலாம்.

தம்பி 2014-இல் காலமானான். அவன் மனைவி மக்கள் வசாயில் இருக்கிறார்கள். அவனுடைய இடத்தில் அவர்கள் பெயரையும் பட்டியலில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் எழுதினேன். அக்காவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. மகள்தான் கூட இருக்கிறாள்.

எங்கள் குடியிருப்பும் மறுகட்டுமானத்துக்குப் போகிறது. போன மாதம் தகுதியுள்ளோர் பட்டியலை வாசலில் ஒட்டினார்கள். அக்கா மகள் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினாள். நான்கு பெயரும் இருக்கின்றன. அக்கா பெயரில் மட்டும் ஓர் எழுத்துத் தவறு. ஆதார் அட்டையில் உள்ளபடி திருத்த மனு எழுதி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.